மொட்டையாய் நின்ற பப்பாளி மரங்கள்

யாராவது வலிய வந்து நல்லது சொன்னால் நான் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் சொன்னது என்ன என்பதை அப்புறம்தான் யோசிப்பேன். இதை ஒரு நல்ல குணம் என்று நான் பீற்றிக்கொள்ளவில்லை. என் மனைவி மங்களத்தைக் கேட்டால், "காப்பியில சீனி போட்டேன்னு சொன்னா, கரண்டிய எங்க காட்டுன்னு கேக்குற மனுஷன் இவரு" என்பாள். சுகாதார இலாகாவில் கொசு ஒழிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோல சிலாங்கூரிலிருந்து சபாக் வரைக்கும் நான் நுழையாத தோட்டம் கிடையாது. முகத்துக்கு நேரே எனக்கு 'சார்' பட்டம். முதுகுக்குப் பின்னால் 'கொசு ராமையா'.

போன வாரம் ஷாலினி போன் அடித்தாள். என் பழைய ஆபீசில் இப்போது வேலை செய்யும் பெண். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு.

"அங்கிள், போஸ்டர் போட்டோம், வீடியோ போட்டோம். குரூப்ல எல்லாருக்கும் ப்ளூ டிக் விழுது. ஆனா ஒருத்தரும் ஒண்ணும் செய்ய மாட்டேங்கிறாங்க லா. நீங்க ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசிக் குடுங்க. தோட்டத்துலேர்ந்து வந்த ஃபேமிலிதான் அந்த பிளாட்ல நெறைய. ஒங்க வாய்ஸ்னா நம்புவாங்க."

பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் அந்த பிளாட்டில் டெங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று புதுப் பெயர் வைத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பெயர் மாற்றினால் சாக்கடை மாறுமா என்று அன்றைக்கே கேட்டவன் நான், அதனால் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"என்னம்மா பேசணும்?" என்றேன்.

"சிம்பிள் அங்கிள். காய்ச்சலுக்குக் காரணம் ஒங்க ஒங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு, வீட்டச் சுத்தமா வெச்சுக்குங்கன்னு."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஒரு நிமிஷம் பேசுவதற்கு இந்தக் கிழவனுக்கு என்ன யோசனை என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கு ஏன் யோசனை வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொசுப்புழுவை அகப்பையில் அள்ளி வெளிச்சத்தில் பார்க்கவும், புகையடிக்கும் இயந்திரத்தைத் தோளில் தூக்கவும், வேனில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பேசவும் கற்றுக்கொடுத்தார்கள். எடுத்துச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள், புரிந்துகொண்டால் செய்வார்கள் என்றும் கற்றுக்கொடுத்தார்கள். இந்தக் கடைசிப் பாடம் மட்டும் நான் வேலைக்குப் போன முதல் மாதமே பொய்யாகிப் போனது.

அது சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் குழாய்த் தண்ணீர் வருவதும் போவதுமாக இருந்த காலம், வாசலுக்கு வாசல் தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாய், டோங் என்பார்கள், நிற்கும். புழு சாகும் மருந்தை டோங்கில் போட்டுவிட்டு, "இது மனுஷனுக்கு ஒண்ணும் செய்யாது, குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம்" என்று வேனில் கத்திக்கொண்டே போனோம். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் அத்தனை டோங்கும் கவிழ்ந்து கிடக்கிறது! ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் அதே வேன், அதே ஒலிபெருக்கி, குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேச வந்திருக்கிறது. அன்றைக்கு ஒருவரும் மசியவில்லை. "வாயால சொல்லிப் பாத்தானுங்க, நாம கேக்கல. இப்பத் தண்ணியில கலக்க வந்துட்டானுங்க" என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். மருந்து போட்ட தண்ணீரில் குளித்தால் பிள்ளை பிறக்காதாம். ஆண்கள் எல்லோரும் அன்றைக்குக் குளிக்காமலே வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

எங்களுக்கு என்ன வேண்டும்? தேங்கிய தண்ணீர் இருக்கக் கூடாது. அது நடந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் கொசு குறைந்தது. ஆபீசில் அதை எங்கள் பிரச்சாரத்தின் வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள், எங்கள் பெரியவருக்குப் பாராட்டும் வந்தது. நான் மட்டும் உட்கார்ந்து யோசித்தேன். நாம் சொன்னதைக் கேட்டு இவர்கள் செய்யவில்லை. நாம் எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

புகையடிக்கும்போதும் இதே கதைதான். கதவு சன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொன்னால் இழுத்துச் சாத்துவார்கள். படிக்காத ஜனம் என்று ஆபீசில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தோட்டத்தில் நாங்கள் புகையடித்து முடித்த கையோடு, திறந்த கதவு வழியாகத் தோட்டத்துக் காவல்காரர்கள் உள்ளே போய், யார் வீட்டில் அனுமதியில்லாமல் மின்கம்பி இழுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடி பட்டவன் கதவைச் சாத்தத்தான் செய்வான். ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம் என்று ஒரு கிழவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். 

இனி எங்கள் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞானமுத்து சார். நான் சேர்ந்த காலத்தில் அவர் எனக்கு ஒரு படி மேலே இருந்தார், கடைசி வரைக்கும் அந்த ஒரு படியை விடவே இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கைக்குட்டையால் தன் மேசையைத் தானே துடைப்பார். கூட்டத்தில் எல்லோரும் பேசி ஓயும் வரை காத்திருந்து கடைசியில் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெயிலடிக்கும் நாளிலும் கையில் குடை இருக்கும். ஏன் சார் என்றால், "மழை நம்மகிட்ட சொல்லிட்டா வரும்?" என்பார்.

வதந்தி என்று எது வந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான். "கட்டுக்கதைப்பா" என்று சொல்லி, கையை ஒரு வீசு வீசுவார், அதோடு சரி. புகையில் பூனை செத்துவிட்டது என்பார்கள். கட்டுக்கதைப்பா. இன்ஸ்பெக்டர் கோழிக்குஞ்சைத் தூக்கிப்போனார் என்பார்கள். கட்டுக்கதைப்பா. ஒரு தடவை நான், "யார் இதக் கெளப்பி விட்டான்னு பாக்க வேணாமா சார்?" என்று கேட்டேன். "எதுக்கு? பொய்க்கு எதுக்குப்பா அப்பன் பேரு? கட்டுக்கதைன்னு சொல்லு, போய்க்கிட்டே இரு" என்றார். எத்தனையோ வருஷம் அவர் பக்கத்தில் இருந்தவன், அவர் வாயிலிருந்து 'யார் சொன்னது' என்ற கேள்வியை மட்டும் நான் கேட்டதே கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஏழாங்கட்டைத் தோட்டத்துச் சம்பவம் நடந்தது. ஏழாவது மைலில் இருந்ததால் ஜனங்கள் அப்படிச் சொல்வார்கள். அதன் நிஜப் பெயரை நான் எழுதப்போவதில்லை. ரப்பர்ப் பால் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்ட தோட்டம். இப்போது செம்பனையையும் அழித்துவிட்டு வீடமைப்புத் திட்டம் வருவதாகப் பேச்சு. லயத்தில் மிஞ்சியிருந்தவர்கள் மாற்று வீடு தராமல் நகரமாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். வேலை வாங்கும் மண்டோர் வந்து சொன்னார், கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னார், கடைசியில் தோட்டத்து மேனேஜர் துரையே வந்து சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

அந்த லயத்திலிருந்து இரண்டு டெங்கி நோயாளிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் என்று தகவல் வந்தது. தகவல் வந்தால் எங்கள் வேலைக்கு ஒரு முறை உண்டு. நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும், சுற்றியுள்ள வீடுகள் அத்தனையும் பார்க்க வேண்டும். வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளே வரச் சொன்ன பிறகுதான் கால் வைக்க வேண்டும். முதலில் வீட்டின் பின்பக்கம் போவேன். முன்பக்கத்தைத்தான் எல்லோரும் கூட்டிப் பெருக்கி வைப்பார்கள். குளியலறைத் தொட்டி, குளிர்ப்பெட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, கூரைத் தாழ்வாரம், பழைய டயர், சிரட்டை என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்ப்பேன். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா என்ற கேள்வியை முதலில் கேட்கக் கூடாது. கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். புழுவைக் காட்டி, பேச்சுக் கொடுத்து, கிளம்பும்போது போகிற போக்கில் கேட்க வேண்டும்.

அப்படித்தான் கேட்டேன். ஒரு வீட்டிலும் காய்ச்சல் இல்லையாம்! அந்தத் தோட்டத்தில் சாதாரணச் சளி இருமல்கூட இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி, "இல்ல சார், ஆண்டவன் புண்ணியத்துல நல்லாருக்கோம்" என்றார்கள். ஒரு வீடு பொய் சொன்னால் அந்த வீட்டுக்கு ஏதோ காரணம். வரிசையாக எல்லா வீடும் ஒரே வார்த்தையைச் சொன்னால், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பி வரும் வழியில் மீன் வண்டிக்காரனைப் பார்த்தேன். கோல சிலாங்கூரிலிருந்து தோட்டங்களுக்கு மீன் கொண்டு வருகிற ஆள். "என்னா சார், ஏழாங்கட்டையில எல்லாரும் லாட்டரி அடிச்சிட்டானுங்களா? மாசக் கடைசியில நண்டு கேக்குறானுங்க, அதுவும் பெரிய நண்டா!" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நண்டு சூப் குடித்தால் டெங்கி போகும் என்று வாட்சாப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பப்பாளி இலைச் சாறும் அதே மாதிரிதான். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடி லயத்துக்குப் போனேன். இந்தத் தடவை எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. பின்சந்தில் நடந்து பப்பாளி மரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

நாலு வீட்டுப் பப்பாளி மொட்டையாக நின்றது. காயெல்லாம் அப்படியே இருக்க, இலையை மட்டும் காம்போடு கிள்ளியிருந்தார்கள். அடிப்பாவிகளா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், இதை எப்படி மறைப்பீர்கள்? நாங்கள் இத்தனை வருஷம் வேன் வைத்துக் கத்தியும் நகராத கை, முகம் தெரியாதவன் அனுப்பிய நாலு வரிக்கு மரத்தையே மொட்டையடித்திருக்கிறது. எனக்குக் கோபமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. டெங்கியை வீட்டுக்குள் பூட்டி வைத்துச் சாறு கொடுத்து ஆற்ற முடியாது.

லயத்து முனையில் சின்னக் கடை வைத்திருந்த சரோஜாவிடம் போனேன். அவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு கோழிகூட முட்டையிடாது. "யாரம்மா உங்களுக்கெல்லாம் காய்ச்சல் இல்லைன்னு சொல்லச் சொன்னது?" என்று நேராகவே கேட்டேன். முறைத்துப் பார்த்தாள். அப்புறம், "ஒங்களுக்குத் தெரியாத மாதிரி நடிக்காதீங்க சார். நீங்களே கேளுங்க" என்று தன் போனை எடுத்து ஓடவிட்டாள்.

பெண் குரல். யாருக்கோ பயந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. ஹெல்த்காரன் வந்தா காய்ச்சல்னு வாயத் தொறக்காதீங்க. மூணு கேசு ஆச்சுன்னா, லயம் குடியிருக்க லாயக்கில்லன்னு கடுதாசி குடுத்துருவாங்க. தொரைகூடப் பேசி முடிச்சாச்சு. நம்மள வெளியேத்த இதான் வழி." ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் எச்சிலை விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

"யார் இது?"

"எனக்கென்ன தெரியும்?"

சரோஜாதான் பேசியிருப்பாள் என்று எனக்குச் சந்தேகம். குரல் அவளுடையது இல்லை, ஆனால் குரலை மாற்றவா தெரியாது? லயம் காலியானால் அவள் கடையும் போகும், காரணம் பலமாகவே இருந்தது. கட்டுக்கதை என்று நானும் கையை வீசிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த மூன்று என்ற எண் என்னை உறுத்தியது. பொய்யைக் கிளப்பி விடுகிறவன் பெரிசாகச் சொல்வான். மூன்று என்று அளந்து சொன்னவள் எங்கோ கேட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மொட்டை மரங்களில் முதல் மரம் பார்வதி வீட்டுடையது. புருஷன் இல்லாதவள், துரை பங்களாவில் சமையல் வேலை. ஒரே மகள் கவிதா, ராவாங்கில் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அங்கேயே ஹாஸ்டலில் இருப்பவள். பின்வாசலில் நின்று குரல் கொடுத்தேன். பார்வதி கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வீட்ல யாருக்கும்மா காய்ச்சல்?"

"காய்ச்சலா? எங்க வீட்லயா? வாயக் கழுவுங்க சார். நானும் பங்களாவுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன்."

வாக்கியம் முடிந்தது. எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே குரல்! பயந்தால் அவள் அப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது.

"பார்வதி, அந்தக் குரல் நீதானேம்மா?" என்றேன். அவள் முகம் வெளுத்துப் போனது. "நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. கவிதா வந்திருக்காளா? அத மட்டும் சொல்லு."

உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "லீவு போட்டுட்டு வந்தா சார். நல்லாத்தான் இருக்கா. இன்னிக்குக் காய்ச்சல் சுத்தமா விட்டுருச்சு. ஒடம்பு குளுகுளுன்னு இருக்கு. வயித்த மட்டும் வலிக்குதுங்கிறா, ரெண்டு தடவ வாந்தி" என்றாள்.

 டெங்கியில் ஆள் போவது காய்ச்சல் அடிக்கும்போது இல்லை. காய்ச்சல் இறங்கி, அப்பாடா என்று வீட்டில் மூச்சு விடுவார்களே, அப்போதுதான். தாய்க்கு எது நல்ல செய்தியாகத் தெரிந்ததோ அதுதான் கெட்ட செய்தி.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"மாட்டேன் சார். அவ மூணாவது ஆளு. இவளால லயமே வெளிய போச்சுன்னு நாளைக்கு என் முகத்துல யாரு முழிப்பா?" என்று அழ ஆரம்பித்தாள். "காத்துல வந்தத நான் பேசல சார். பங்களாவுல தேத்தண்ணி கொண்டு போய் வெச்சப்ப இந்தக் காதால கேட்டேன். ஒங்க ஐயா, கொடைய மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. மூணு கேசு வரட்டும், மத்தத நான் பாத்துக்கிறேன்னு தொரைகிட்ட சொன்னாரு."

குடை என்றதும் யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நம்பவில்லை. யாரையும் சட்டென்று நம்பாதவன், இவளை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அங்கேயே நின்று ஞானமுத்து சாருக்குப் போன் அடித்தேன். பார்வதிக்கும் கேட்கும்படி சத்தத்தைத் திறந்து வைத்தேன். அவர் வழக்கம்போலக் கட்டுக்கதைப்பா என்று சொல்வார், அதைக் கேட்டு இவள் மனம் மாறும், பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் என் கணக்கு.

"சார், ஏழாங்கட்டையில ஒரு பேச்சு ஓடுது. மூணு கேசு வந்தா லயத்த மூடச் சொல்லி எழுதறதா தொரைகிட்ட நாம ஒத்துக்கிட்டோமாம்."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவருடைய அதே தாழ்ந்த குரல்.

"யார் சொன்னா?"

ஐயோ என்றிருந்தது எனக்கு. இல்லை என்று ஒரு வார்த்தை வரவில்லை. சிரிப்பு வரவில்லை. இத்தனை காலத்தில் ஒரு பொய்க்கும் அப்பன் பெயர் கேட்காத மனுஷன், முதன்முதலாகக் கேட்கிறார்.

"ஊரே பேசுது சார்."

"ஊருன்னா யாரு? ஒரு பேரு இருக்குமில்ல? பேரச் சொல்லு ராமையா."

"லைன் சரியில்ல சார், அப்பறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான், அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

பார்வதி கதவை முழுதாகத் திறந்தாள். "கேட்டீங்கல்ல? இப்பச் சொல்லுங்க சார். நீங்க யாரு பக்கம்?"

"பக்கம் கெடக்கட்டும். நீ சொன்னது நெசம்னு எனக்கும் தெரிஞ்சு போச்சு. ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாரும்மா. மூணு காய்ச்சலுக்கு ஒரு கடுதாசி குடுக்குறவங்க, ஒரு சாவு விழுந்தா சும்மா இருப்பாங்களா? லயமும் போகும், ஒம் பொண்ணும் போயிடுவா."

அவள் உள்ளே போய் மகளின் கையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் போட்ட சத்தம் எனக்கு வெளியே கேட்டது. "ஐயோ சார், கை ஐசா இருக்கு! கூப்புட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்கிறா!"

ஆபீஸ் வேனுக்குப் போன் அடித்தேன். அது வருவதற்குள் மற்ற மூன்று மொட்டை மரங்களும் எனக்கு ஞாபகம் வந்தன. அந்த வீடுகளில் யார் படுத்துக் கிடக்கிறார்களோ? நான் போய்க் கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள். "பார்வதி, ஒன் குரலத்தான் இவங்க நம்புறாங்க. இன்னொரு தடவ பேசு. பேரு சொல்ல வேணாம், வேலை போயிரும்" என்றேன்.

மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் போனைப் பிடித்துப் பேசினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. நான் பார்வதி பேசுறேன், பங்களாவுல சமைக்கிற பார்வதி. முந்தி பேசுனதும் நான்தான். அது பொய்யில்ல. ஆனா எம் மக கவிதாவுக்குக் காய்ச்சல், நான் மறைச்சு வெச்சிருந்தேன். காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோசப்பட்டேன், இப்பக் கண்ணத் தொறக்க மாட்டேங்கிறா. ஆஸ்பித்திரிக்குக் கொண்டு போறேன். யாரு வீட்ல படுத்துக் கெடக்காங்களோ வெளிய கொண்டாங்க. டோங்கு தண்ணியெல்லாம் கவுத்துங்க. வீடு போனா சண்ட போட்டு வாங்கலாம். புள்ள போனா யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

பெயர் வேண்டாம் என்றேனே என்று கேட்டேன். "பேரு சொல்லாமப் பேசுனா நானே நம்ப மாட்டேன் சார்" என்றாள்.

வேன் லயத்தின் நடுச்சந்தில் நுழைந்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு டோங்கைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் வேலைக் காலம் முழுக்க ஒலிபெருக்கியில் கத்தி நான் பார்க்காத காட்சி அது. கவிதாவை ஏற்றினோம். ஒரு கிழவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். ஒரு வீட்டில் புருஷனும் பெண்சாதியும் போர்வையைப் போர்த்திக்கொண்டு தாங்களே நடந்து வந்து ஏறினார்கள். கடைசியில் சரோஜாவே தன் அண்ணன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவளைச் சந்தேகப்பட்டது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கவிதாவைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டு போனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். பிழைத்துக்கொண்டாள் என்று சேதி வந்த அன்றைக்கு நான் ஆபீஸ் கழிவறைக்குப் போய் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

லயத்தை மூடும் கடிதம் போகவில்லை. புழு கிடைத்த இடங்களில் பெரும்பாலானவை நிர்வாகம் பழுதுபார்க்காமல் விட்ட கூரைத் தாழ்வாரமும் அடைத்துக் கிடந்த சாக்கடையும்தான். அவற்றைப் படமெடுத்து, ஞானமுத்து சாருக்கு மட்டும் அனுப்பாமல் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும் சேர்த்து அனுப்பி வைத்தேன். கடிதம் போனால் அபராதம் துரைக்கு வரும் என்று ஆகிவிட்டது. ஆகவே எல்லோரும் அமைதியானார்கள். மாதக் கூட்டத்தில் ஞானமுத்து சார் ஏழாங்கட்டையைச் சமூக ஒத்துழைப்புக்கு உதாரணம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அப்புறம் அவர் என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், என் பிரிவுபசாரத்துக்கு மாலைகூடப் போட்டார். அந்த மாலையையும் நான் கொஞ்சம் பயத்தோடுதான் வாங்கிக்கொண்டேன்.

பார்வதிக்குப் பங்களா வேலை போனது. யார் சொன்னது என்று தேட வேண்டிய சிரமத்தை அவளே தீர்த்துவிட்டாளே. பிறகு பேச்சுவார்த்தை நடந்து, லயத்துக்காரர்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தாயில் பிளாட் கிடைத்தது. ஷாலினி என்னைப் பேசச் சொன்னாளே, அந்த பிளாட்தான்.

பேசுவதற்கு முன்னால் பார்வதியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று, ஷாலினி சொன்னதை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். நேற்றுக் காலையில் பதில் குரல் வந்தது. இப்போது அதில் எச்சில் விழுங்கும் சத்தம் இல்லை.

"எங்க வீட்டுக்குள்ள வந்து பாருங்க சார். டோங்கே கெடையாது. ஒரு பூச்சாடி கெடையாது. மொட்ட மாடியில தண்ணித் தொட்டிக்கு மூடி ஒடஞ்சு போய் எத்தன மாசமாத் தொறந்து கெடக்கு. அதப் பாக்க வேண்டிய பில்டிங் ஆபீஸ்காரன் கதவயே தொறக்க மாட்டேங்கிறான். காரணம் எங்க வீட்டுக்குள்ள இருக்குன்னு நீங்க சொல்றீங்களா, இல்ல ஒங்களச் சொல்லச் சொன்னாங்களா?"

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். அப்புறம் ஷாலினிக்குப் போன் அடித்தேன். குரல் கேட்டதுமே சந்தோஷப்பட்டாள்.

"அங்கிள்! வாய்ஸ் ரெடியா?"

"ரெடிதாம்மா. சின்னச் சந்தேகம். அந்த பிளாட்டுல மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்கு மூடி இல்லையாமே, நெசமா?"

நல்ல பிள்ளை. கட்டுக்கதை என்று சொல்லிவிட மாட்டாளா என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"அங்கிள்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "யார் சொன்னா?"

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு, மங்களத்திடம் என் பழைய டார்ச் எங்கே என்று கேட்டேன்.